508 எர்ரர் வந்ததும் பிளானை மாற்றாதீர்கள்

சித்திரைத் திருவிழா நெருங்கும்போது சுங்குடிச் சேலைக் கடைக்காரர் புது டிசைன் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். பத்தே நிமிஷத்தில் சைட் படுத்துவிடுகிறது. திரையில் 508 எர்ரர், அதாவது அக்கவுண்டுக்கான வரம்பு தீர்ந்தது என்ற அறிவிப்பு. ஹோஸ்டிங்காரர்களைக் கேட்டால், "டிராஃபிக் அதிகம், பெரிய பிளானுக்கு மாறுங்க" என்பார்கள். பல நேரம் அதற்கு அவசியமே இருக்காது. எந்த வரம்பு இடிக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரைப் பல சைட்டுகள் பகிர்ந்துகொள்ளும். காம்பவுண்டு வீடு மாதிரி. ஒரே போர், ஒரே மோட்டார், பத்துப் பன்னிரண்டு குடித்தனம். விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருப்பது டிஸ்க் இடத்துக்கும் பேண்ட்விட்த்துக்கும்தான். சிபியு, ராம், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி (பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்) வேலைகள் ஆகியவற்றுக்கு கிளவுட்லினக்ஸ் போன்ற மென்பொருள் அக்கவுண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்திருக்கும். அது விளம்பரத்தில் வராது.

படி 1: வரம்பைப் பாருங்கள்

ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ என்ற பகுதியைத் திறந்து, சைட் நின்ற நேரத்தின் வரைபடத்தைப் பாருங்கள். 'என்ட்ரி பிராசஸ்' என்ற வரிதான் முக்கியம். மலிவான பிளானில் 20 என்று இருப்பது சகஜம். 20 பேர்தான் சைட்டைப் பார்க்க முடியும் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே சமயத்தில் 20 பிஎச்பி வேலைகள் நடக்கலாம் என்பதே பொருள். 20 கதவு இருப்பது மாதிரி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தைத் தயாரிக்க 2 நொடி ஆனால், 20 கதவு வழியாக நொடிக்கு 10 பக்கம்தான் வெளியே போகும். குரூப்பில் லிங்க்கைப் பார்த்த 300 பேர் பத்து நொடிக்குள் தட்டினால் நொடிக்கு 30 கோரிக்கை. அவ்வளவுதான், 508.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிபியு வரம்பை எட்டினால் எர்ரர் வராது, வேலை மட்டும் மெதுவாகும். மெதுவானால் ஒவ்வொரு வேலையும் கதவை அதிக நேரம் அடைத்துக்கொண்டு நிற்கும், பின்னால் வருபவை குவியும். ஆகவே 508 என்று காட்டினாலும் மூலக் காரணம் சிபியுவாக இருக்கலாம். இரண்டு வரைபடங்களையும் ஒரே நேரத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2: எண்ணைப் படியுங்கள்

எர்ரர் எண் 500 என்றால் பிளானைக் குறை சொல்லும் முன் ‘எர்ரர்ஸ்’ பதிவைப் பாருங்கள். ராம் தீர்ந்திருக்கலாம், புதிதாகப் போட்ட பிளகினும் (சைட்டில் சேர்க்கும் துணை மென்பொருள்) உடைந்திருக்கலாம். 503 என்றால் பெரும்பாலும் ராம் அல்லது பிராசஸ் எண்ணிக்கை வரம்பை எட்டியிருக்கும். 504 என்றால் ஏதோ ஒரு வேலை முடியாமல் இழுக்கிறது, டேட்டாபேஸைச் சந்தேகப்படுங்கள்.

படி 3: முதல் பைட்டை அளந்து பாருங்கள்

குரோமில் எஃப்12 அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியில் முதல் வரியின் ‘டைமிங்’ பாருங்கள். சர்வர் பதிலுக்குக் காத்திருந்த நேரம் அங்கே இருக்கும். 0.8 நொடிக்குள் முதல் பைட் (பதிலின் தொடக்கம்) வந்தால் நல்லது என்பது கூகுள் சொல்லும் அளவு. சர்வர் அமெரிக்காவில் இருந்தால் மதுரையிலிருந்து ஒருமுறை போய்வரவே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். வாங்குபவர்கள் எல்லாம் நம்மூர்க்காரர்கள் என்றால் மும்பை டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: பேஜ் கேஷ்

பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான். வேர்ட்பிரஸில் அமைத்த சைட்டில், சர்வர் மென்பொருள் லைட்ஸ்பீடு என்றால் லைட்ஸ்பீடு கேஷ், இல்லாவிட்டால் டபிள்யூபி சூப்பர் கேஷ் என்ற பிளகினைப் போடுங்கள். தயாராக இருக்கும் பக்கத்தை அப்படியே எடுத்துக் கொடுப்பதால் பிஎச்பிக்கு வேலையே குறைந்துவிடும். கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் பக்கங்களை மட்டும் கேஷ் செய்யவே கூடாது. ஒருவருடைய கூடை இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். கேஷ் போட்டதும் இரண்டு பிரவுசரில் வெவ்வேறு சேலையைக் கூடையில் போட்டுச் சரிபாருங்கள்.

சேலைப் படங்கள் போனில் எடுத்த 4 எம்பி அளவிலேயே ஏறியிருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் ஏற்றுங்கள். ஆனால் படத்தைச் சுருக்கினால் 508 போகாது. பக்கம் சீக்கிரம் திறக்கும், அவ்வளவே.

படி 5: தேவையில்லாத கூட்டம்

வேர்ட்பிரஸின் உள் கிரான் (குறித்த நேரத்து வேலைகளைத் தானாக ஓட்டும் பகுதி), யாராவது சைட்டுக்கு வரும்போதுதான் ஓடும். அதாவது கூட்டம் இருக்கும்போதே கூடுதல் வேலை. சிபேனலின் ‘கிரான் ஜாப்ஸ்’ பகுதியில் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடும்படி முதலில் அமைத்துவிட்டு, பிறகு உள் கிரானை நிறுத்துங்கள். வரிசையை மாற்றினால் ஆர்டர் மெயில்கள் சில நிற்கும். லாகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் போட்களையும் (தானாக இயங்கும் நிரல்கள்) தடுத்துவிடுங்கள். அவையும் அதே 20 கதவில்தான் நிற்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் செக்அவுட் நேரத்தில் சிபியு இடித்தால் பிளானை மாற்றலாம். திருவிழா வாரத்தில் வேண்டாம். மாற்றும் நாளுக்கு முந்தின நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (சைட்டின் முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறைத்து வைத்து, பழைய அக்கவுண்டை ஒரு வாரம் அப்படியே விடுங்கள். பணம் கட்டும் முன் என்ட்ரி பிராசஸ் எத்தனை, ராம் எவ்வளவு, அடுத்த வருஷப் புதுப்பிப்பு விலை என்ன என்ற மூன்றையும் மெயிலில் எழுதி வாங்குங்கள்.