சினிமா கேமராவுக்கு ஃபர்ம்வேர் ஏற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

2010 மார்ச்சுக்கு முன் கேனன் 5டி மார்க் 2-வில் வீடியோ எடுத்தால் வினாடிக்கு 30 ஃப்ரேம் மட்டும்தான். 24-இல் ஓடும் சினிமாவோடு அதை ஒட்டவைக்க எடிட்டர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த மாதம் வந்த ஒரு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்) 24, 25 இரண்டையும் கொடுத்தது. சென்சார் அதேதான், பாடியும் அதேதான். ஆனால் அந்த அப்டேட்டின் முதல் பதிப்பான 2.0.3-இல் ஆடியோ பதிவில் கோளாறு இருப்பது தெரியவந்து, கேனன் அதைத் திரும்பப் பெற்றது; சில நாட்களிலேயே 2.0.4 வந்தது. இடைப்பட்ட நாட்களில் 2.0.3-ஐ ஏற்றிக்கொண்டு ஷூட்டுக்குப் போனவருக்கு 24 ஃப்ரேம் கிடைத்திருக்கும், ஒலியை மட்டும் நம்ப முடியாது.

ஃபர்ம்வேரால் கேமராவின் திறன் கூடுமா என்று கேட்டால், கூடும். கேமராவுக்குள் ஏற்கெனவே இருக்கும் வன்பொருளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு கூடும். சென்சாரைப் படிக்கும் வேகம், பிராசஸரின் பலம், கார்டு ஸ்லாட்டின் வேகம், சூட்டைத் தாங்கும் உடம்பு, வெளியே தெரியும் சாக்கெட்டுகள் ஆகிய ஐந்தும் பெட்டியைப் பிரிக்கும் அன்றே முடிவாகிவிட்டவை. இதைப் புரிந்துகொள்ளாததிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் கிளம்புகின்றன.

வராததற்குக் காத்திருப்பது

சோனி எஃப்எக்ஸ்3-க்கு 2022-இல் வந்த 2.00 பதிப்பு டைம்கோடு சிங்க் (பல கருவிகளின் நேர எண்களை ஒன்றாக்குவது) வசதியைக் கொடுத்தது. அந்த பாடியில் தனி டைம்கோடு சாக்கெட் கிடையாது. முதல் நாளிலிருந்தே இருந்த மல்டி யூஎஸ்பி டெர்மினலில், தனியாக விற்கும் ஒரு கேபிளைச் செருகித்தான் சிங்க் செய்ய வேண்டும். அந்தத் துளை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் எந்த ஃபர்ம்வேரும் உதவியிருக்காது. அப்டேட் இலவசம்தான் என்றாலும் கேபிளுக்குக் காசு எடுத்துவைக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் கேனன் சி100, சி300. சென்சாரே ஃபோகஸ் பிடிக்கும் டூயல் பிக்ஸல் ஆட்டோஃபோகஸ் பிரபலமானதும் இந்த இரண்டு கேமராக்களுக்கும் அது கிடைத்தது. ஆனால் கார்டில் ஃபைலைப் போட்டு நாமே ஏற்றிக்கொள்ளும் ஃபர்ம்வேராக அது வரவில்லை. பணம் கட்டி, பாடியைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பித்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

"பிற்பாடு ஃபர்ம்வேரில் வரும்" என்ற ஒரு வரியை நம்பி கேமரா வாங்குவதும் இதே வகைத் தவறு. 2017-இல் வந்த கேனன் சி200-இல் ஒரு பக்கம் சென்சார் தரவை ஏறத்தாழ அப்படியே எழுதும் கனமான ரா, மறு பக்கம் எளிய எம்பி4; நடுவில் ஒன்றுமில்லை. அந்த நடுவை நிரப்பும் எக்ஸ்எஃப்-ஏவிசி ஃபார்மேட் பின்னால் வரும் என்றார்கள், 2018-இல் சொன்னபடி வந்தது. ஆனால் வந்தது நிறத் தகவல் குறைவான 8-பிட் 4:2:0. ஒளிபரப்புக்கு 10-பிட் 4:2:2 தேவைப்பட்டவர்கள் வேறு கேமரா தேடிப் போனார்கள். அதே நிறுவனத்தின் சி70-க்கு 2022 மார்ச்சில் சினிமா ரா லைட் இலவசமாகவே வந்து சேர்ந்தது. இரண்டும் நடக்கும் என்பதால் இன்று கேமராவில் என்ன ஓடுகிறதோ அதற்கு மட்டும் விலை கொடுங்கள். நாளை வருவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

லைசென்ஸை மறப்பது

சோனி வெனிஸ் 2018-இல் கைக்கு வந்தபோது இருந்ததற்கும் அடுத்த ஆண்டு இருந்ததற்கும் பெரிய வித்தியாசம். 2.0 பதிப்பு 500-ஓடு 2500 என்ற இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓவைக் (ஒளி உணர்திறன் எண்) கொடுத்தது. 2019-இல் வந்த 4.0 பதிப்பில் 4கே 2.39:1-இல் 120 ஃப்ரேம் வரை போக முடிந்தது. ஆனால் அந்த அதிவேக ஃப்ரேம் வசதிக்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். சென்சாரின் முழுப் பரப்பையும் பயன்படுத்தும் ஃபுல் ஃப்ரேமுக்கும் அப்படித்தான். பாடியில் புதிய ஃபர்ம்வேர் இருந்தாலும் லைசென்ஸ் இல்லையென்றால் மெனுவில் அந்த வரி திறக்காது. ரெண்டலுக்குக் கேமரா எடுக்கும்போது "வெனிஸ், பாடி ஒன்று" என்று மட்டும் ஆர்டர் எழுதாதீர்கள். ஃபர்ம்வேர் எண், உள்ளே இருக்கும் லைசென்ஸ்கள் இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஆரி கேமராக்களிலும் லைசென்ஸ் அந்தந்த பாடியின் சீரியல் எண்ணோடு பூட்டப்பட்டது. ஏ கேமராவில் இருப்பதை பி கேமராவுக்குக் கடன் கொடுக்க முடியாது.

பானாசோனிக் ஜிஎச்5-இல் வி-லாக் எல் (பிற்பாடு நிறம் திருத்துவதற்கான தட்டையான பட முறை) பணம் கட்டித் திறக்கும் வசதி. கேமரா தன் சீரியல் குறியீட்டை கார்டில் எழுதிக் கொடுக்கும். அதை இணையதளத்தில் ஏற்றி, வாங்கிய சாவி எண்ணைக் கொடுத்து, திரும்ப வரும் ஃபைலை அதே கேமராவில் போட வேண்டும். பழைய கேமரா வாங்குபவர்கள் விலை பேசும் முன் இது திறந்திருக்கிறதா என்று மெனுவில் பார்ப்பது நல்லது.

புதிய கோடெக், பழைய கார்டு

2017 செப்டம்பரில் ஜிஎச்5-க்கு வந்த 2.0 பதிப்பு 4கே 10-பிட் 4:2:2-ஐ 400 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்) ஆல்-இன்ட்ராவில் (ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியாகச் சுருக்கும் கோடெக் முறை) பதிவுசெய்ய வைத்தது. அதுவரை இருந்தது 150 எம்பிபிஎஸ். 400-ஐ எட்டால் வகுத்தால் வினாடிக்கு 50 எம்பி (மெகாபைட்). வி30 என்று எழுதியிருக்கும் கார்டு உத்தரவாதம் தருவது 30 எம்பி மட்டுமே, அதனால் வி60 வேண்டும். கார்டின் முகப்பில் பெரிதாக 95 அல்லது 170 என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். பதிவு பாதியில் நிற்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. வி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

நேரமும் சுருங்கும். 64 ஜிபி கார்டு 150 எம்பிபிஎஸ்-இல் சுமார் 57 நிமிடம் தாங்கியது, 400-இல் 21 நிமிடம்தான். நிக்கான் இசட்9-க்கு 2022 ஏப்ரலில் வந்த 2.00 பதிப்பு இன்னும் பெரிய தாவல்: 8.3கே 60 ஃப்ரேம் என்-ரா (நிக்கானின் ரா ஃபார்மேட்), உயர் தரத்தில் சுமார் 5,780 எம்பிபிஎஸ். அதாவது வினாடிக்கு 720 எம்பிக்கு மேல், ஒரு டெராபைட் கார்டு ஏறத்தாழ 23 நிமிடம். ஒரு நாள் ஷூட்டுக்கு எத்தனை கார்டு, இரண்டு பிரதி எடுக்க எத்தனை ஹார்டு டிஸ்க், காப்பி முடிய எத்தனை மணி நேரம் என்று டிஐடியோடு (செட்டில் ஃபைல்களைக் கையாள்பவர்) உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகே அந்த மோடைத் தொடுங்கள். எடிட் அறையில் உள்ள மென்பொருள் அந்த ஃபைலைத் திறக்கிறதா என்பதையும் ஷூட்டுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

புதிய மோடைப் பழைய பழக்கத்தில் ஓட்டுவது

எனக்கு மிக அதிகமாகக் கவலை தருவது இதுதான். ஏனென்றால் அப்டேட்டில் எந்தக் கோளாறும் இல்லாமலே படம் கெட்டுப்போகிறது.

எஃப்எக்ஸ்3-இன் அதே 2.00 பதிப்பு சினி இஐ (இஐ என்பது எக்ஸ்போஷர் இண்டெக்ஸ்) முறையையும் கொண்டுவந்தது. அதற்கு முன் ஐஎஸ்ஓவைக் கூட்டினால் பதிவாகும் படம் பிரகாசமாகும். சினி இஐ-இல் அப்படியில்லை. கேமரா 800 அல்லது 12800 என்ற அடிப்படையில் நின்றுவிடும். நீங்கள் மாற்றும் இஐ எண் மானிட்டரில் தெரியும் படத்தையும் கூடவே எழுதப்படும் மெட்டாடேட்டாவையும் (ஃபைலோடு போகும் குறிப்புகள்) மட்டுமே மாற்றும்.

இருட்டான ஒரு வீட்டுக்குள் காட்சி. அடிப்படை 800. பழக்கதோஷத்தில் இஐ-யை 3200 ஆக்குகிறீர்கள். மானிட்டர் இரண்டு ஸ்டாப் வெளிச்சமாகிறது (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). "போதும், கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது" என்று லென்ஸின் ஐரிஸை இரண்டு ஸ்டாப் மூடுகிறீர்கள். மானிட்டரில் படம் அழகாக இருக்கிறது. கார்டில் பதிவானதோ இரண்டு ஸ்டாப் குறைந்த எஸ்-லாக்3 (சோனியின் தட்டையான பட முறை). எடிட்டர் சாதாரண லட் (தட்டையான படத்தை இயல்பு நிறத்துக்கு மாற்றும் ஃபைல்) போட்டுத் திறக்கும்போது முகம் இருட்டிலிருக்கும், தூக்கிப் பார்த்தால் நிழல் முழுக்க நாய்ஸ் புள்ளிகள் கொதிக்கும். கலரிஸ்ட் கேமராவைக் குறை சொல்வார், நீங்கள் ஃபர்ம்வேரைக் குறை சொல்வீர்கள்.

பழகும் வரை இஐ-யை அடிப்படை எண்ணிலேயே வையுங்கள். நிழல் சுத்தமாக வேண்டுமென்றால் 400-க்கு இறக்குங்கள். மானிட்டர் இருண்டு, நீங்களே ஒரு ஸ்டாப் திறப்பீர்கள். பதிலுக்கு ஹைலைட்டில் ஒரு ஸ்டாப் போகும். உண்மையிலேயே இருட்டு என்றால் அடிப்படையையே 12800-க்கு மாற்றுங்கள். பழைய முறையே வேண்டுமென்றால் ஃப்ளெக்சிபிள் ஐஎஸ்ஓ என்ற மோடு அதே மெனுவில் இருக்கிறது.

பறிபோவதைக் கவனிக்காதது

அப்டேட் என்றால் சேர்வது மட்டுமே என்று நினைக்க வேண்டாம். பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே-க்கு 2019-இல் வந்த 6.2 பதிப்பு பிளாக்மேஜிக் ராவைக் கொடுத்து, அதுவரை இருந்த சினிமா டிஎன்ஜி ராவை எடுத்துவிட்டது. பாதி படத்தை டிஎன்ஜியில் எடுத்து முடித்தவர் மீதியை வேறு ஃபார்மேட்டில் எடுக்க வேண்டும், அல்லது பழைய பதிப்புக்கே திரும்ப வேண்டும். எல்லாக் கேமராவும் பழைய பதிப்புக்குத் திரும்ப விடுவதில்லை. ஆகவே வெளியீட்டுக் குறிப்பை முழுதாகப் படியுங்கள். புதிய வசதிகளின் பட்டியலுக்குக் கீழே சிறு எழுத்தில் இருப்பதைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும்.

அதிகாரப்பூர்வமற்ற மென்பொருளை ஓட்டுபவர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 5டி மார்க் 3-இல் ரா வீடியோவைத் திறந்துவிட்ட மேஜிக் லேண்டர்ன், கேனனின் குறிப்பிட்ட சில ஃபர்ம்வேர் எண்களோடு மட்டுமே ஓடும். கேனனின் புதிய பதிப்பை ஏற்றினால் அது நின்றுவிடும்.

ஏற்றும் நேரத்தில்

"அப்டேட் ஃபைல் இல்லை" என்று கேமரா சொன்னால் பெரும்பாலும் காரணம் சின்னது. ஒரே ஃபைலை இரண்டு முறை டவுன்லோடு செய்திருப்பீர்கள், கணினி பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு 1 சேர்த்திருக்கும். கேமராவுக்கு அந்தப் பெயர் தெரியாது. அல்லது ஜிப்பை விரிக்காமலே காப்பி செய்திருப்பீர்கள். அல்லது ஃபைலை ஏதோ ஃபோல்டருக்குள் வைத்திருப்பீர்கள். அது கார்டைத் திறந்ததும் முதலில் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். கார்டை அதே கேமராவில் ஃபார்மேட் செய்துவிட்டுக் காப்பி செய்தால் பாதிப் பிரச்சினை வராது. மாடல் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஜிஎச்5 வேறு, ஜிஎச்5எஸ் வேறு.

பிளாக்மேஜிக் கேமராக்களுக்குக் கணினியிலிருந்து யூஎஸ்பி-சி வழியாக ஏற்ற வேண்டும். போன் சார்ஜரோடு வந்த கேபிள் சில நேரம் மின்சாரத்தை மட்டுமே கடத்தும்; கேமரா கணினிக்குத் தெரியாது. டேட்டா கேபிளை நேரடியாகக் கணினியில் செருகுங்கள், ஹப் வேண்டாம். லேப்டாப்பின் ஸ்லீப்பை அணைத்துவையுங்கள். எந்தக் கேமராவானாலும் ஏற்றும்போது மின்சாரம் போகக்கூடாது. அடாப்டர் இருந்தால் செருகுங்கள், அதோடு முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரியும் உள்ளே இருக்கட்டும். திரை சில நிமிடம் கறுப்பாக நின்றாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. பாதியில் அணைந்த கேமரா திரும்ப எழாமல் போகலாம், பிறகு சர்வீஸ் சென்டர்தான் கதி.

ஏற்றும் முன் மெனு செட்டிங்குகளைக் கார்டில் சேமிப்பதோடு, முக்கியமான பக்கங்களைப் போனில் படமெடுத்தும் வையுங்கள். பழைய பதிப்பில் சேமித்த செட்டிங் ஃபைலைப் புதிய பதிப்பு ஏற்காமல் போவது உண்டு.

ஏற்றியபின்

ரீசெட் ஆன கேமரா 60 ஹெர்ட்ஸ் உலகுக்குத் திரும்பியிருக்கலாம். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்கும். 24 ஃப்ரேமில் ஷட்டர் 180 டிகிரி என்றால் 1/48 வினாடி. அந்த மினுக்கோடு ஒத்துப்போகாமல் படத்தில் மெல்லிய துடிப்பு தெரியலாம். 172.8 டிகிரி என்றால் 1/50, சரியாக இரண்டு மினுக்கு. முன்பு வைத்திருந்த இந்த எண் ரீசெட்டில் அழிந்திருக்கும், மானிட்டரில் உடனே கண்ணில் படாது.

ரெட் கேமராவில் ஃபர்ம்வேர் மாறியதும் சென்சார் கேலிப்ரேஷனை மறுபடி செய்ய வேண்டும். லென்ஸ் மாட்டும் மவுண்ட்டை மூடி, கேமரா வழக்கமான சூட்டுக்கு வந்த பிறகு ஓட்டுங்கள். லென்ஸ், அடாப்டர், வெளி ரெக்கார்டர், வயர்லெஸ் ஃபோகஸ் எல்லாவற்றையும் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். இரண்டு கேமரா ஓடும் படத்தில் இரண்டிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே முகம் இரண்டு நிறத்தில் வரலாம்.

இதையெல்லாம் ஷெட்யூலுக்கு நடுவில் செய்யாதீர்கள். அடுத்த ஷூட்டுக்குக் குறைந்தது ஒரு வாரமாவது இருக்கும்போது ஏற்றுங்கள். பிறகு உண்மையாகவே பயன்படுத்தப்போகும் ஃப்ரேம் ரேட்டில், உண்மையான கார்டில், மைக் செருகி, கார்டு நிறையும் வரை நிறுத்தாமல் பதிவுசெய்யுங்கள். பத்து வினாடி டெஸ்டில் சூடும் தெரியாது, கார்டு திணறுவதும் தெரியாது, ஒலி மெல்ல விலகுவதும் தெரியாது. அந்த ஃபைலை எடிட்டருக்கு அனுப்பி, முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் உதட்டசைவோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.