கப்ரரோலா அரண்மனையின் பிளானைக் கவராயம் வைத்து வரைவது எப்படி?

வெளியே ஐங்கோணம், உள்ளே வட்ட முற்றம். ரோமுக்கு வடக்கே கப்ரரோலா என்ற ஊரில் இருக்கும் ஃபர்னேசே மாளிகையின் பிளான் இவ்வளவுதான். பார்க்கச் சுலபம், வரைய உட்கார்ந்தால் ஓர் இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அந்த இடத்துக்காகத்தான் இந்தப் பதிவு. கவராயம் பிடிப்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான், சொல்லப்போவதில்லை.

ஐங்கோணம் எதற்கு என்றால், முதலில் இங்கே எழும்பியது கோட்டை. இளைய சங்கல்லோ, பெருச்சி என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வரைந்தது. கட்டச் சொன்ன அலெஸாண்ட்ரோ ஃபர்னேசே 1534இல் மூன்றாம் பவுல் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனதும் வேலை நின்றுவிட்டது. அவருடைய பேரன், அதே பெயர்கொண்ட கர்தினால், 1559இல் கட்டடக் கலைஞர் விக்னோலாவைக் கொண்டு அந்த அடித்தளத்தின் மேலேயே அரண்மனையை எழுப்பினார்.

தேவையானவை: ஏ3 தாள், கோடு போட 2ஹெச் பென்சில், சுவருக்கு ஹெச்பி, கோணமானி. கவராயம் மட்டும் திருகு வைத்ததாக வாங்குங்கள். ஜியாமெட்ரி பாக்ஸில் வருவது பாதி வட்டத்திலேயே நெகிழ்ந்துவிடும்.

படி 1. 10 செ.மீ. ஆரத்தில் வட்டம். நேர் உச்சியில் ஒரு புள்ளி, அது பின்மூலை. கவராயத்தை 11.75 செ.மீ.க்கு வைத்து, உச்சியிலிருந்து இடப்பக்கம் இரண்டு வெட்டு, வலப்பக்கம் இரண்டு வெட்டு. ஒரே திசையில் சுற்றி வராதீர்கள், பிசகெல்லாம் கடைசிப் பக்கத்தில் சேர்ந்து ஐங்கோணம் ஒருக்களித்து நிற்கும். இப்படி இரு பக்கமும் இறங்கினால், பிசகு இருந்தாலும் கீழ்ப்பக்கம் படுக்கையாகவே இருக்கும். அதுதான் வாசல் பக்கம்.

படி 2. அதே மையத்தில் 4 செ.மீ. ஆரத்தில் முற்றம், அதைச் சுற்றி 5 செ.மீ.யில் இன்னொரு வட்டம். நடுவில் கிடைப்பது நடைக்கூடம். இவை வரைவதற்கு வசதியான அளவுகள்தான், கட்டடத்தின் அளவை அப்படியே சுருக்கியவை அல்ல.

படி 3. மாட்டிக்கொள்ளும் இடம் இது. முற்றத்தைச் சுற்றித் தளத்துக்குப் பத்து வளைவுகள் (தூண்களுக்கு நடுவே உள்ள வளைந்த திறப்புகள்), அதாவது 36 பாகைக்கு ஒன்று. வாசல் பக்கத்தின் நடுவுக்கு நேரே தொடங்கி, முற்ற வட்டத்தில் 36 பாகைக்கு ஒரு புள்ளி வைத்ததும் கை தானாகத் தூணை வரையப் போகும். வேண்டாம்! அங்கே தூண் வந்தால், உள்ளே நுழைகிறவர் நேராகப் போய்த் தூணில்தான் முட்ட வேண்டும்.

அந்தப் புள்ளிகள் வளைவுகளின் நடு. அவற்றில் மெல்லிய பெருக்கல் குறி போடுங்கள். அங்கிருந்து 18 பாகை தள்ளித்தான் தூண். தூண்களை உடனே கருப்படித்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. பக்கத்துப் பக்கத்துக் குறிகளுக்கு இடையே நேர்க்கோட்டில் 2.5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும்.

முடித்ததும் மையத்திலிருந்து ஒவ்வொரு குறி வழியாகவும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஐந்து குறிகள் பக்கங்களின் நடுவைத் தொடும், ஐந்து மூலைகளைத் தொடும். ஐங்கோணத்துக்குள் வட்டம் இவ்வளவு பாந்தமாக உட்கார்வது இந்தப் பத்தால்தான். எட்டோ பன்னிரண்டோ போட்டிருந்தால் வாசலுக்கு நேராக வந்தாலும் மற்றப் பக்கங்களில் கோணலாகியிருக்கும்.

நாம் வரைவது மேல்தளம் என்பதால் தூணுக்கு இரண்டு சிறு அரைவட்டம் சேருங்கள்; அயோனிக் பாணி (தலையில் சுருள் வைத்த கிரேக்கப் பாணி) அரைத்தூண்கள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. கீழ்த்தளத்தில் அவை இல்லை, கரடுமுரடாகச் செதுக்கிய கல் வளைவுகள்தான்.

படி 4. வாசல் பக்க மூலைகள் இரண்டிலும், மையத்திலிருந்து மூலைக்குப் போகும் கோட்டின் மேல் ஒவ்வொரு வட்டம். ஒன்று சிற்றாலயம். இன்னொன்று டோரிக் தூண்கள் (எளிய தலை கொண்ட கிரேக்கப் பாணி) ஜோடி ஜோடியாகச் சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டு. இரண்டுக்கும் நடுவில் ஹெர்குலிஸ் கூடம், வெளிச்சுவரில் ஐந்து வளைவுகள். என்னைக் கேட்டால், பிளானிலேயே அழகான மூலை இந்தப் படிக்கட்டுதான், அவசரப்படாமல் வரையுங்கள்.

படி 5. மற்ற அறைகளின் சுவர்கள், பிறகு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கோட்டைக் கொத்தளங்கள். கொத்தளத்தைப் புள்ளிக்கோட்டில் காட்டினால் போதும்.

பின்சேர்க்கை: இதை ஸ்கெட்ச்அப் என்ற கணினி வரைகலை மென்பொருளில் போட்டவர்கள் வளைவு பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதில் வட்டம் உண்மையில் 24 பக்கப் பலகோணம், பத்தால் வகுபடாது. வட்டம் வரைந்த கையோடு 60 பக்கம் என்று மாற்றிவிடுங்கள், 18 பாகைப் புள்ளிகள் எல்லாம் முனைகளில் வந்து விழும்.

இன்னொருவர், வெளியிலிருந்து எடுத்த படங்களில் தெரியும் மேல்மாடி முற்றத்துப் படங்களில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தார். இருக்கிறது. விக்னோலா அதை மொட்டைமாடிக்குப் பின்னால் தள்ளிக் கட்டியதால் முற்றத்தில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாது. பிளானில் இதைக் காட்ட முடியாது, குறுக்குவெட்டுப் படம் தனியாகப் போட வேண்டும்.