இன்டர்வியூவுக்கு முதல் நாளே பஸ் ஏறிப் பாருங்கள்

நான் 2009இல் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவன், கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறேன். முப்பது வயதுக்குப் பிறகுதான் வேலை தேடவே பழகினேன். பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சீவி எழுதாதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து உங்கள் உடம்பின் கணக்கை எழுதுங்கள்: எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு தூக்கலாம், வெயில் எந்த அளவுக்குத் தாங்கும். எனக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் செயற்கைக் கால் மாட்டும் இடம் வேர்த்து வழுக்கத் தொடங்கும், ஐந்து நிமிடம் கழற்றித் துடைத்தால் சரி. இது தெரியாமல் ஒரு கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலைக்குப் போய், மூன்றாம் கிழமை புண்ணோடு வீட்டில் கிடந்தேன். முதலாளி கெட்டவர் இல்லை. நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கணக்கை ஒரே வசனமாக்குங்கள். "எனக்கு ஒரு கால் செயற்கைக் கால், இருந்து செய்கிற வேலை எதுவும் செய்வன், நின்று செய்வதென்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஐந்து நிமிசம் வேணும்." அவ்வளவுதான். எந்த ஊரில், எந்த ஷெல்லில் என்ற கதையை அங்கே எடுக்க வேண்டாம், எடுத்தால் கேட்பவரின் முகம் மாறிவிடும், பிறகு உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்கவே மறந்துபோவார். தேத்தண்ணி தருவார், வேலை தரமாட்டார். இந்த வசனத்தைப் போனில் ரெக்கோட் பண்ணிக் கேட்டுப் பாருங்கள். என் முதல் பதிவில் "மன்னிக்கவேணும்" மூன்று தரம் வந்தது, என்னத்துக்கு என்று எனக்கே தெரியாது!

சீவி ஒரு பக்கம் போதும். இடம்பெயர்ந்து திரிந்ததில் ஓ.எல் பரீட்சை எடுக்காமல் விட்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர், அதற்குக் கூச்சப்படாமல் செய்த வேலையை எழுதுங்கள். தையலோ மோட்டார் சைக்கிள் திருத்தமோ பல வருடம் செய்திருந்தால், வகுப்புக்குப் போகாமல் செய்து காட்டியே என்விகியூ எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகாரசபையில் கேளுங்கள். கண் தெரியாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டோக்பாக்கைப் போட்டு, குரலாலேயே தமிழில் எழுதலாம். ஆனால் அனுப்ப முன் யாரிடமாவது காட்டுங்கள், ஊர்ப்பெயர்களை அது கண்டபடி எழுதும்.

அரச வேலை பார்ப்பவர்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியை விடாமல் பாருங்கள். 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கைப்படி அரச வெற்றிடங்களில் 3 வீதம் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு. அது தானாக வீட்டுக்கு வராது, விண்ணப்பத்திலேயே உங்கள் நிலையைக் குறிப்பிட்டு மருத்துவச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். தனியாருக்கு அந்தக் கணக்குக் கிடையாது, ஆனாலும் வேலைக்கு எடுக்கும்போது வலுவிழப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இதை இன்டர்வியூவில் எடுத்து வீசாதீர்கள், மனதில் வைத்திருங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்து வையுங்கள், மாதம் ஒருக்கா தலையைக் காட்டுங்கள். வெட்கம் பார்த்தால் உங்கள் பெயர் பைலுக்குள்ளேயே இருக்கும்.

இன்டர்வியூ என்று கோல் வந்தால் இரண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: மேல்மாடியா, எத்தனை மணிக்கு? பிறகு முதல் நாளே அதே நேர பஸ்ஸில் போய் வாருங்கள். காலை ஏழு மணிக்கு ஏ9 பஸ்ஸின் படி எவ்வளவு உயரம், "அண்ணை கெதியா ஏறுங்கோ" என்று கத்துகிற கொண்டக்டர் உங்களுக்கு எத்தனை செக்கன் தருவார், இறங்கின இடத்திலிருந்து வாசல் வரை மண்ணா தாரா, எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். நான் அப்படிப் போய்ப் பார்த்ததால்தான் அடுத்த நாள் அரை மணித்தியாலம் முந்திப் போய், பக்கத்துக் கடை வாங்கில் இருந்து காலைக் கழற்றித் துடைத்து, பைக்குள் வைத்திருந்த காய்ந்த சொக்ஸை மாற்றிக்கொண்டு உள்ளே போனேன்.