சி.எம்.ஐ. நுழைவுத் தேர்வுக்குத் தயாராவது எப்படி? கணினி அறிவியல் படிக்க விரும்பும் பிளஸ் டூ மாணவர்களுக்கு

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதன்பின், கணித மதிப்பெண்ணை 100க்கும் இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைத் தலா 50க்கும் மாற்றி 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் ஒன்றே கணினி அறிவியலுக்கான வாசல் என்று இங்குள்ள பெரும்பாலான குடும்பங்கள் கருதுகின்றன. இன்னொரு வாசல் சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் இருக்கிறது. கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரியின் முயற்சியால் 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பகுதியாகத் தொடங்கி, 1998இல் இளநிலைப் படிப்பை ஏற்படுத்தி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற சென்னைக் கணிதவியல் கழகமே (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்) அது. மாணவர்கள் அதைச் சி.எம்.ஐ. என்றே அழைக்கிறார்கள். அங்கு வழங்கப்படும் கணிதமும் கணினி அறிவியலும் இணைந்த மூன்றாண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ் படிப்பில் சேர, பொதுத் தேர்வு மதிப்பெண்ணைத் தாண்டி, கழகம் தானே நடத்தும் நுழைவுத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும்.

இத்தேர்வில் கணினி பற்றி ஒரு கேள்விகூட வராது. கணிதம் மட்டுமே வரும். நிரல் எழுதிப் பழகாத மாணவர் இதனால் எதையும் இழப்பதில்லை, ஏனெனில் அங்கே முதலாண்டில் நிரலாக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே, அதுவும் பெரும்பாலான மாணவர்கள் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஹாஸ்கெல் மொழியில் கற்பிக்கும் வழக்கம் உண்டு. தேர்வு அளக்க முனைவது வேறொன்றை: ஒரு கூற்று உண்மையா பொய்யா என்று தாமாகவே தீர்மானித்து, அத்தீர்மானத்துக்கான காரணத்தைப் பிறர் மறுக்க முடியாதபடி எழுதும் திறனை. படிமுறைகளையும் கணிப்பின் எல்லைகளையும் பற்றிய படிப்புக்கு இத்திறனே அடித்தளம் என்பதால், தயாரிப்பு முழுவதையும் இதை மையமாகக் கொண்டே அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து எழுதிப் பார்ப்பது. பல ஆண்டுகளின் தாள்களைக் கழகமே தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றுக்கான விடை விளக்கங்களும் அங்கே கிடைக்கின்றன. எந்தத் தயாரிப்பும் இல்லாமல், கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, தாளில் குறிப்பிட்ட நேரம் முழுவதும் உட்கார்ந்து எழுதுங்கள். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்குபவர்களும் இந்த முதல் முயற்சியில் பெரும்பாலான கேள்விகளுக்கு முன் திகைத்து நிற்பது இயல்பே. அதைக் கண்டு சோர்ந்துவிடாமல், எந்தக் கேள்வி புரியவேயில்லை, எது புரிந்தும் தொடங்க முடியவில்லை, எது தொடங்கியும் முடிக்க முடியவில்லை என்று மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இக்குறிப்பே பின்வரும் மாதங்களுக்கான பாடத்திட்டம். விடை விளக்கத்தை அன்றே திறந்து பார்க்க வேண்டாம். ஒரு கேள்வியைக் குறைந்தது ஒரு வாரமாவது மனத்தில் வைத்துச் சுழற்றிய பிறகு படித்தால்தான் அந்த விளக்கம் எந்த இடத்தில் நம்மை மீறிச் சென்றது என்பது தெரியும்.

தாள் இரண்டு பகுதிகளாக அமைந்திருக்கும். முதற்பகுதி குறுவிடைகள், சமீப ஆண்டுகளில் ஒரே சூழலைச் சுற்றி நான்கு கூற்றுகளைத் தந்து, ஒவ்வொன்றும் சரியா தவறா என்று குறிக்கச் சொல்லும் முறை அதில் இடம்பெற்றிருக்கிறது. இரண்டாம் பகுதியில் முழு நிரூபணம் எழுத வேண்டும். முதற்பகுதி வடிகட்டியாகவும் பயன்படுகிறது. அதில் குறைந்தபட்ச மதிப்பெண்ணை எட்டாதவர்களின் இரண்டாம் பகுதி திருத்தப்படாமலேயே போகக்கூடும். மதிப்பெண் பங்கீடும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறுவதால், அவ்வாண்டுக்கான அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

முதற்பகுதிக்கான பயிற்சி எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். ஒரு மிகை முழு எண்ணைப் பற்றி நான்கு கூற்றுகள் தரப்படுகின்றன என்று கொள்வோம். ஒன்று, அதன் வர்க்கம் 12ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 12ஆல் வகுபடும். இரண்டு, வர்க்கம் 12ஆல் வகுபட்டால் எண் 6ஆல் வகுபடும். மூன்று, கனம் 12ஆல் வகுபட்டால் வர்க்கமும் 12ஆல் வகுபடும். நான்கு, வர்க்கம் 12ஆல் வகுபட்டால் அது 36ஆலும் வகுபடும். நான்கையும் தனித்தனியே எண்களைப் போட்டுச் சோதிக்கும் மாணவருக்கு நேரம் போதாது. வர்க்கமோ கனமோ 12ஆல் வகுபட வேண்டுமானால் மூல எண்ணில் 2, 3 என்ற இரு பகா எண்களும் காரணிகளாக இருந்தே ஆக வேண்டும் என்ற ஒரே செய்தியைப் பிடித்துக்கொண்டால், எண் 6ஆல் வகுபடுகிறது. எனவே அதன் வர்க்கம் 36ஆல் வகுபடுகிறது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கூற்றுகள் மூன்றும் ஒரே வீச்சில் சரியாகின்றன. முதல் கூற்றை 6 என்ற எண்ணே வீழ்த்திவிடுகிறது, ஏனெனில் அதன் வர்க்கம் 36. அது 12ஆல் வகுபடும், ஆனால் 6 வகுபடாது.

சரியான கூற்றுக்குக் காரணமும் தவறான கூற்றுக்கு எதிர் எடுத்துக்காட்டும் தேடும் இப்பழக்கத்தைப் பள்ளிப் பாடநூலிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு தேற்றத்தையும் படித்தவுடன் அதன் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கிவிட்டு, இப்போது எங்கே உடைகிறது என்று கேளுங்கள். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி, மறுதலையும் உண்மையா என்று பாருங்கள். எங்கும் வகையிடத்தக்க ஒரு சார்பின் வகைக்கெழு எல்லா இடத்திலும் மிகை என்றால் அச்சார்பு கண்டிப்பாக ஏறும். ஆனால் கண்டிப்பாக ஏறும் சார்பின் வகைக்கெழு ஓரிடத்திலும் சுழியாகாது என்று சொல்ல முடியாது என்பதை, கனச் சார்பு ஆதிப்புள்ளியில் நடந்துகொள்ளும் விதமே காட்டிவிடும். இத்தகைய எதிர் எடுத்துக்காட்டுகளை ஒரு தனி நோட்டில் சேர்த்துவருவது, சூத்திரப் பட்டியல் ஒட்டிய சுவரைவிடப் பல மடங்கு பயன் தரும்.

இரண்டாம் பகுதிக்குத்தான் நீண்ட காலம் ஒதுக்க வேண்டும். ஜே.இ.இ. தேர்வுக்குப் பயின்ற மாணவர்கள் முதற்பகுதியை ஓரளவு சமாளித்துவிட்டு இங்கே தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. விடையைக் கட்டத்தில் குறித்தவுடன் வேலை முடிந்தது என்று பழகிவிட்ட கை, நிரூபணத்தை வாக்கியங்களாக எழுத மறுக்கிறது. பொதுத் தேர்வுக்குப் பயின்றவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு: அவர்கள் நிறைய எழுதுவார்கள், ஆனால் முன்பே பார்த்த கணக்கின் படிகளைத்தான் எழுதுவார்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 100 வரையுள்ள முழு எண்களில் ஏதேனும் 51ஐத் தேர்ந்தெடுத்தால், அவற்றுள் ஒன்று மற்றொன்றை மீதியின்றி வகுக்கும் இரு எண்கள் கட்டாயம் இருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். பெரும்பாலோர் எழுதும் விடை இவ்வாறு இருக்கும்: 51 முதல் 100 வரையுள்ள ஐம்பது எண்களில் எதுவும் மற்றொன்றை வகுக்காது, ஐம்பத்தோராவது எண்ணாக 1 முதல் 50 வரையுள்ள எதைச் சேர்த்தாலும், அதைத் திரும்பத் திரும்ப இரட்டித்துக்கொண்டே போனால் 51க்கும் 100க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணில் வந்து நிற்கும், எனவே நிரூபணம் முடிந்தது. இதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மைதான், ஆயினும் இது நிரூபணம் ஆகாது, ஏனெனில் எழுதியவர் தாமே விரும்பிய ஐம்பது எண்களிலிருந்து தொடங்கியிருக்கிறார்; கேள்வியோ, பிறர் எந்த 51ஐ எடுத்து வந்து நீட்டினாலும் விடை சொல்லுமாறு கேட்கிறது.

சரியான வழி சிறியது. எந்த மிகை முழு எண்ணையும் இரண்டால் வகுக்க முடிந்தவரை வகுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஓர் ஒற்றை எண் எஞ்சும். 1 முதல் 100 வரை ஒற்றை எண்கள் ஐம்பதே இருப்பதால், 51 எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது குறைந்தது இரண்டுக்கு எஞ்சும் ஒற்றை எண் ஒன்றாகவே அமைய வேண்டும். அவ்விரண்டும் இரண்டின் அடுக்குகளால் மட்டுமே வேறுபடுவதால் சிறியது பெரியதை வகுக்கும். இந்த விடையைப் படித்து வியப்பதோடு நிறுத்தக் கூடாது. முதலில் தோற்ற முயற்சியில் இருந்த இரட்டித்தல்தான் இங்கே தலைகீழாக, இரண்டால் வகுத்தலாக வந்திருக்கிறது என்பதையும், அந்த 51 முதல் 100 வரையுள்ள தொகுப்பு 50 எண்கள் மட்டும் போதா என்பதை நிறுவுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே, வெற்றுத்தாளில் எழுதித் தோற்றுப்போன வழிகளைக் கிழித்தெறியாமல் வைத்திருங்கள்.

நிரூபணம் எழுதிப் பழகும்போது, அதைக் கணிதம் அறிந்த ஒரு நண்பரிடம் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் மௌனமாக உட்கார்ந்திருங்கள். அவர் கேள்வி கேட்கும் ஒவ்வோர் இடமும் விடைத்தாளில் மதிப்பெண் போகும் இடம். இப்படிப் படித்துப் பார்க்கும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழு அமைந்தால், அதைவிடச் சிறந்த பயிற்சி மையம் வேறில்லை என்பது என் கருத்து. கேள்வியின் சொற்களையும் எடைபோட வேண்டும். ஓர் எண்ணின் ஐந்தாம் அடுக்கோடு அந்த எண்ணைக் கூட்டினால் 1 வரும்படியான மெய்யெண் சரியாக ஒன்றே உண்டு என்று காட்டச் சொன்னால், அங்கே வேலை இரண்டு. சுழியில் 0 என்றும் ஒன்றில் 2 என்றும் மதிப்புப் பெறுவதால் இடையில் 1ஐக் கடந்தே ஆக வேண்டும் என்று தொடர்ச்சியைக் கொண்டு இருப்பைக் காட்ட வேண்டும். சார்பு எங்கும் ஏறிக்கொண்டே செல்வதால் மற்றொரு முறை அம்மதிப்பைப் பெற முடியாது என்று ஒருமையைக் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதியவர் பாதிக் கேள்விக்கே விடையளித்திருக்கிறார்.

பாடப்பகுதிகளைப் பொறுத்தவரை, மாநிலப் பாடநூலின் கணிதத் தொகுத்தறிதல், வரிசைமாற்றங்களும் சேர்வுகளும், பல்லுறுப்புக்கோவைகள், கலப்பெண்கள், வகை மற்றும் தொகை நுண்கணிதம் ஆகியவை அடிப்படைக்குப் போதும். பாடநூல் போதாத இடம் எண்ணியல். மீதிகளைக் கொண்டு கணக்கிடும் முறை, பகா எண்களாகக் காரணிப்படுத்துதல் ஆகியவற்றைப் பாடநூலில் உள்ள அறிமுகத்தோடு நிறுத்தாமல், வெளியே தேடி ஆழமாகப் படிக்க வேண்டும். வடிவியலில் ஒன்பது, பத்தாம் வகுப்புத் தேற்றங்களை மறந்துவிட்டவர்கள் அவற்றுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

எண்ணிக்கை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக நேரம் கொடுங்கள், ஏனெனில் கணினி அறிவியலின் சிந்தனை முறை தேர்வுக்குள் நுழையும் இடம் அதுவே. 0, 1 ஆகியவற்றால் ஆன பத்து இலக்க வரிசைகளில், இரண்டு ஒன்றுகள் அடுத்தடுத்து வராதவை எத்தனை என்று கேட்டால், சேர்வுச் சூத்திரத்தைத் தேடுவதைவிட, கடைசி இலக்கத்தைப் பார்ப்பது எளிது. அது 0 என்றால் முன்னுள்ள ஒன்பது இடங்களும் நிபந்தனையை நிறைவேற்றும் எந்த வரிசையாகவும் இருக்கலாம். அது 1 என்றால் அதற்கு முன்னது 0 ஆகவே இருக்க வேண்டியதால் எட்டு இடங்களே எஞ்சும். ஆகவே ஒவ்வொரு நீளத்துக்கான விடையும் முந்தைய இரண்டு விடைகளின் கூட்டுத்தொகை. 2, 3, 5, 8 என்று ஏறிப் பத்தாவது இடத்தில் 144 வருகிறது. பெரிய சிக்கலை அதே வடிவமுள்ள சிறிய சிக்கல்களாக மாற்றும் இந்த முறையில் பழக, இந்தியக் கணினி ஒலிம்பியாட்டின் மண்டல அளவிலான பழைய தாள்கள் மிகவும் ஏற்றவை. கணினியே இல்லாமல் தாளும் பேனாவும் கொண்டு விடை காண வேண்டிய கேள்விகள் அவற்றில் உள்ளன. நிரூபணப் பயிற்சிக்கு, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் இளநிலை நுழைவுத் தேர்வுத் தாள்களில் விரிவான விடை கேட்கும் இரண்டாம் தாளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காலக்கணக்கு முக்கியம். தேர்வு வழக்கமாக மே மாதத்தில் வருகிறது. விண்ணப்பம் அதற்குச் சில வாரங்கள் முன்பே, பொதுத் தேர்வுப் பரபரப்புக்கு நடுவில் முடிந்துவிடக்கூடும். மார்ச்சில் பொதுத் தேர்வு முடிந்தபின் தொடங்கலாம் என்று காத்திருப்பவருக்குக் கிடைப்பது சில வாரங்களே, நிரூபணம் எழுதும் கை அதற்குள் வசப்படுவது அரிது. பிளஸ் ஒன் இறுதியிலிருந்து வாரத்துக்கு இரண்டு கடினமான கேள்விகள் என்ற அளவில் நடந்தாலே போதும். வேகம் கூட்டுவதும் முழுத் தாள்களை நேரம் வைத்து எழுதுவதும் கடைசி மாதத்துக்கு உரியவை. வினாத்தாள் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழி மாணவர்கள் பழைய தாள்களைத் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் படித்து, ‘இஃப் அண்ட் ஒன்லி இஃப்’, ‘அட் மோஸ்ட்’, ‘டிஸ்டிங்க்ட்’ போன்ற தொடர்கள் கேள்வியின் பொருளை எப்படி மாற்றுகின்றன என்று கவனித்துவர வேண்டும். நிரூபணத்துக்குச் சிறிய, நேரான ஆங்கில வாக்கியங்களே போதுமானவை.

தேர்வு அறையில் முதல் பத்து நிமிடங்களை இரண்டாம் பகுதியின் எல்லாக் கேள்விகளையும் படிக்கச் செலவிடுங்கள். முதற்பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போதே மனத்தின் ஓரத்தில் அவற்றில் ஏதாவது ஒன்று இளகத் தொடங்கும். பிறகு முதற்பகுதியை நிதானமாக முடித்துவிட்டு, இரண்டாம் பகுதியில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கி, இரண்டு மூன்றை முழுமையாக எழுதுங்கள். முடிக்க முடியாத கேள்வியில், நிரூபித்த பகுதி எது, நிரூபிக்காமல் ஊகித்தது எது என்பதைத் தெளிவாகப் பிரித்து எழுதி வையுங்கள். சிறிய எண்களுக்குச் சரிபார்த்திருந்தால் அதையும் சரிபார்த்தது என்றே சொல்லுங்கள். ஊகத்தை நிரூபணம் போலக் காட்டும் விடையைத் திருத்துபவர் உடனே கண்டுகொள்வார். நேர்மையாகப் பாதியில் நின்ற விடைக்குப் பகுதி மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு.