இலங்கைச் சுற்றுலா: வரைபடத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

முதல் நாள் கொழும்பு, கண்டி. இரண்டாம் நாள் நுவரெலியா, எல்ல. மூன்றாம் நாள் யால, காலி. நான்காம் நாள் யாழ்ப்பாணம். இலங்கைக்குப் புறப்படும் நண்பர்கள் காட்டும் திட்டங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. பார்க்கும்போதே எனக்குக் கவலையாகிவிடும். வடக்கிலிருந்து தெற்கே சுமார் 430 கிலோமீட்டர், அகலம் 220 சொச்சம்தானே என்று வரைபடம் ஆசை காட்டுகிறது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 80 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் றம்பொடை வளைவுகளில் ஏறி முடிக்க இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகிவிடும். கொழும்பிலிருந்து தெற்கே போகும் அதிவேக நெடுஞ்சாலையின் கணக்கை மலையில் போட்டால் பொழுதெல்லாம் வண்டிக்குள்ளேயே கழியும். ஒரு வாரம்தான் இருக்கிறதென்றால் இரண்டு பகுதிகளைத் தேர்ந்துகொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். ஒன்பது இடங்களில் இறங்கிப் படம் எடுப்பதைவிட ஓர் ஊரில் இரண்டு இரவு தங்குவது எவ்வளவோ மேல்.

இதைவிடப் பெரிய தவறு, “இலங்கைக்குப் போக நல்ல மாதம் எது?” என்று கேட்பது. எந்தக் கரைக்கு என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை நடுவிலுள்ள மலைகள் மறித்து மேற்கிலும் தென்மேற்கிலும் கொட்டவைக்கின்றன. காலி, மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிக்கும் அதே நாட்களில், மலைகளுக்கு அப்பால் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் வெயில் காய்கிறது. கடல் குளம்போலக் கிடக்கிறது. டிசம்பரில் எல்லாம் தலைகீழ்: வடகீழ்ப் பருவமழை கிழக்கை நனைக்க, தெற்குக் கரை தெளிந்துவிடும். திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, மே மாதத்துக்குப் பிறகு திருகோணமலை. அக்டோபரிலும் நவம்பரிலும் பிற்பகல் இடிமழை தீவெங்கும் வரலாம். மலையில் மண்சரிவு ஏற்பட்டு வீதியும் ரயில் பாதையும் மூடப்படுவதுண்டு. அந்த மாதங்களில் போகிறவர்கள் விமானத்துக்கு முந்தைய நாளை மலையில் வைத்துக்கொள்ளவே கூடாது.

பருவத்தைப் பொறுத்தே திறக்கும், மூடும் இடங்களும் உண்டு. சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. மற்ற மாதங்களில் படிகளில் விளக்கும் இருக்காது, வழியில் தேநீர்க் கடையும் இருக்காது. யால சரணாலயத்தில் அதிகம் பேர் போகும் முதலாம் பிரிவைப் பெரும்பாலும் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள். அப்போது யானைகளைத் தேடி மின்னேரியாவுக்குப் போகலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் குளத்து நீர் வற்ற வற்ற, வெளிப்படும் சேற்றில் இளம்புல் முளைக்கிறது. அதை மேய யானைகள் குட்டிகளோடு கூட்டம் கூட்டமாக இறங்கிவரும்.

மலை ரயிலுக்கு வருவோம். கண்டியிலிருந்து எல்லவுக்கு ஆறேழு மணி நேரப் பயணம். பலர் அதிகக் காசு கொடுத்துக் குளிரூட்டிய முதல் வகுப்பில் இடம் பிடித்துவிட்டு, திறக்க முடியாத கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வருந்துகிறார்கள். தேயிலைத் தோட்டத்தின் ஈரக் காற்று முகத்தில் பட வேண்டுமானால் இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பில் முன்பதிவு செய்யுங்கள். எல்ல வழியாகப் பதுளைக்குப் போகும் சில ரயில்கள் கண்டிக்குள் வராமல் பேராதனைச் சந்தி வழியாகவே போய்விடும். டிக்கெட்டில் ஏறும் நிலையம் எது என்று பாருங்கள். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்க வேண்டும். இன்னொன்று, இதை மன்றாடிக் கேட்கிறேன்: படத்துக்காக வாசற்படியில் தொங்காதீர்கள். சுரங்கப்பாதையின் சுவரும் பாறைகளும் கையெட்டும் தூரத்தில் வருகின்றன. உயிர் போன சம்பவங்கள் உண்டு.

ஹோட்டன் சமவெளிக்குக் காலை உணவை முடித்துவிட்டு ஆறுதலாகப் போகிறவர்கள் அங்குள்ள ‘உலக முடிவு’ என்னும் மலை விளிம்பைப் பார்ப்பதில்லை, வெள்ளைத் திரையைத்தான் பார்க்கிறார்கள். சுமார் 870 மீட்டர் ஆழத்தில் இறங்கும் அந்தச் செங்குத்துச் சரிவை ஒன்பது, பத்து மணிக்குள் பனிமூட்டம் மூடிவிடுகிறது. இருட்டிலேயே நுவரெலியாவை விட்டுக் கிளம்ப வேண்டும். நுழைவாயிலில் காவலர்கள் பையைத் திறந்து பார்த்து, தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக்கூட உரித்து எடுத்துக்கொள்வார்கள். அதற்காக முகம் சுளிக்காதீர்கள். அந்தப் புல்வெளியில் மேயும் மரைமான்களின் வயிற்றுக்குள் போகாமல் தடுக்கப்பட்ட உறை அது.

சிகிரியா பாறைக் கோட்டையிலும் விடியற்காலைதான் நல்லது. ஏறத்தாழ 1,200 படிகள். வெயில் ஏறினால் பாறையே சுடும். சத்தம் போட்டால் குளவிகள் கலையும் என்று அங்கே எழுதி வைத்திருப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொலன்னறுவையின் பழைய விகாரைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு நண்பகல் மணலில் நடந்தவர்களுக்குத்தான் ஒரு ஜோடி காலுறையின் அருமை தெரியும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது அங்கே அவமதிப்பு. பௌர்ணமி நாள் அரசு விடுமுறை. மது விற்பனை கிடையாது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். அவர்கள் நிறை கணக்கில் வேலை செய்கிறவர்கள். உங்களுக்காக நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கூடையில் குறைகிறது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதால் நமக்கு மொழித் தடையும் இல்லை. முதலில் வணக்கம் சொல்லிப் பேசுங்கள்.

கடைசியாக வடக்கு. நேரம் மிஞ்சினால் யாழ்ப்பாணம் என்று வைத்தால் நேரம் மிஞ்சவே மிஞ்சாது. கொழும்பிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். ரயிலில் போய் மூன்று நாளாவது தங்குங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தீவுகளுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவு அருகில்தான். நெடுந்தீவு அப்படியில்லை, படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், சேவைகளும் குறைவு. பவளக்கல் மதில்களையும் காட்டுக் குதிரைகளையும் பார்க்கும் மகிழ்ச்சியில் மாலையைக் கோட்டைவிட்டு இறங்குதுறைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. தீவில் கால் வைத்ததும், எங்கேயும் நகர்வதற்கு முன்னால், திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகோட்டியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.