இந்தியா தோற்கணும் என்று சொல்பவரையும் வைத்துக்கொண்டு மேட்ச் போடுவது எப்படி?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் எங்கள் ஊர். எங்கள் தெருவில் பெரிய கிரிக்கெட் மேட்ச் என்றால் திரை கட்டுவது என் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், கூட்டத்துக்குக் குறைவிருக்காது. அந்தக் கூட்டத்தில் இந்தியா தோற்கணும் என்று மனசார வேண்டிக்கொள்ளும் ஒருவராவது இருப்பார். அவரை விரட்டாமல், அடிதடியும் வராமல் ஆட்டத்தை முடிக்கும் வழியை, உங்கள் ஊரில் திரை கட்டப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

திரைக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கம் போதும். கச்சான் காற்று அடிக்கிற மாதம் என்றால் சுவரை ஒட்டிக் கட்டி, நடுவிலும் ஒரு கயிறு கொடுங்கள். அவ்வளவுதான். மீதி எல்லாம் ஆட்களைப் பற்றியது.

டாஸுக்கு முன்னாலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏண்ணே, என்ன கோபம்?” என்று கேளுங்கள். விக்கெட் விழுந்த பிறகு கேட்டால் சண்டையாகத்தான் முடியும். பெரும்பாலும் அவருக்கு நாட்டின் மேல் வெறுப்பு எதுவும் இருக்காது. ஏதோ ஓர் அநியாயம் நடந்துவிட்டது, அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியணும் என்பதுதான் ஆசை.

2023 ஜூனில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் இதற்குச் சரியான உதாரணம். அப்போது டெஸ்ட் பந்துவீச்சுத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் நம்ம அஸ்வின். இடதுகை ஆட்டக்காரர்களைத் திணறடிப்பதில் பேர்போனவர். ஆஸ்திரேலியாவில் வார்னர், கவாஜா, ஹெட் மூவரும் இடதுகை. ஆனாலும் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான்கு வேகப்பந்து வீச்சாளர்களோடு இறங்கினார்கள். ஹெட் 163 அடித்தார், ஸ்மித் 121. ஒவ்வொரு பவுண்டரிக்கும் எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் தொடையில் தட்டி, “நல்லா வேணும்!” என்றார். இந்தியா 209 ரன்னில் தோற்றது. அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அஸ்வினுக்காக அத்தனை வேதனைப்பட்ட மனுஷன் அவர். இப்படிப்பட்டவரிடம் அஸ்வினைப் பற்றியே பேச்சுக் கொடுங்கள், பாதிக் கோபம் வடிந்துவிடும்.

ஐபிஎல் பகை வேறு வகை. 2024-இல் ரோஹித் இடத்தில் மும்பை கேப்டனாக வந்த ஹர்திக் பாண்டியாவை மும்பையின் சொந்த மைதானமான வான்கடேயிலேயே கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். அதே ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி, பார்படாஸில் டி20 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவர் அவர் கையில். தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும். முதல் பந்திலேயே மில்லர் அவுட், 7 ரன்னில் கோப்பை நமக்கு. இந்தப் பகைக்கு ஒரே மருந்து, இந்தியா ஆடும் நாளில் சென்னைப் பையன்களையும் மும்பைப் பையன்களையும் தனித்தனிக் கும்பலாக உட்காரவிடாமல் கலந்து உட்காரவைப்பது.

அப்புறம், படகைப் பறிகொடுத்தவர்கள். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகு திரும்பாத வீட்டில், இந்தியா என்று எழுதிய சட்டையைப் பார்த்தால் அரசாங்கத்தின் முகம்தான் தெரியும். 2011 ஏப்ரல் 2, இந்தியாவும் இலங்கையும் மோதிய உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தன்று கடலுக்குப் போன ராமேஸ்வரம் மீனவர் நான்கு பேர் உயிரோடு திரும்பவில்லை. அதை மறக்காத ஒருவர், “ஜெயிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?” என்றால் பதில் சொல்லாதீர்கள். டீ வாங்கிக்கொடுங்கள். இடைவேளையில் மைக்கில் தேசபக்தி முழக்கம் போடவே வேண்டாம், அவருக்கு அது குத்தும்.

“தோத்துருவானுங்க, பாரு” என்று முதல் ஓவரிலேயே ஆரம்பிப்பவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். 2023 உலகக்கோப்பையில் தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்து, நவம்பரில் அகமதாபாத்தில் கோப்பையைக் கோட்டைவிட்ட ராத்திரியிலிருந்து நம்பப் பயப்படுகிறவர்கள் அவர்கள்.

இனி சொல்வதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பக்கத்துக் கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் முஸ்லிம் பையன்கள் வருவார்கள். பாகிஸ்தான் மேட்ச் அன்று, “நீ யார் பக்கம்?” என்று அவர்களை மட்டும் தேடிப்போய்க் கேட்கிற ஆள் ஒருவன் இருப்பான். அந்தக் கேள்வி வந்த நொடியே புரொஜெக்டரை அணைத்துவிடுங்கள். அவன் எழுந்து போகும்வரை போடாதீர்கள். பெரியவர், சொந்தக்காரர் என்று பார்க்க வேண்டாம். 2021-இல் துபாயில் பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோற்றதும் முகமது ஷமியை மதத்தைச் சொல்லித் திட்டினார்கள். பதினொரு பேர் சேர்ந்து தோற்ற ஆட்டம் அது. இதே தமிழ்நாட்டில், 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, பாகிஸ்தான் அணிக்குக் கூட்டமே எழுந்து நின்று கை தட்டியது. அதை எங்கள் கூட்டத்துப் பையன்களிடம் அடிக்கடி சொல்கிறேன்.

டீம் தோற்கணும் என்று யாரும் சொல்லலாம். ஆட்டக்காரருக்கு அடிபடணும் என்பதும், அவர் குடும்பத்தை இழுப்பதும் என் திரைக்கு முன்னால் நடக்காது. இதை ஆட்டம் தொடங்கும் முன் மைக்கில் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

தோற்றுவிட்டால் ஹைலைட்ஸ் போடாதீர்கள். அந்தக் கால் மணி நேரத்தில்தான் கை நீளும். தோற்கணும் என்று சொன்னவரைக் கூட்டத்தோடு வெளியே விடாமல், “மாமா, இந்தக் கயித்தைக் கொஞ்சம் அவிழ்த்துக் கொடுங்க” என்று வேலை கொடுத்து நிறுத்துங்கள். ஒயர் சுற்றி முடிப்பதற்குள் தெரு காலியாகிவிடும்.