வினிகர் பீட்ரூட்: வீட்டில் போடும் முறை

பீட்ரூட்டை வினிகரில் ஊறப்போடுவது எளிய வேலை. இனிப்பு, உப்பு, மசாலா எல்லாவற்றையும் உங்கள் ருசிக்குக் கூட்டலாம், குறைக்கலாம். வினிகருக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. பீட்ரூட் மண்ணுக்குள் விளைவது, புளிப்பே இல்லாதது. க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி மண்ணில் வாழ்வது. காற்றுப் புகாத, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் நஞ்சை உண்டாக்கும். புளிப்பை அளக்கும் பிஎச் எண் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. அந்தப் புளிப்பைத் தருவது வினிகர்தான். வினிகர் நெடி தூக்கலாக இருக்கிறதென்றால் சர்க்கரையைக் கூட்டுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

1 கிலோ பீட்ரூட்டுக்கு வேண்டியவை: 5 சதவீத அமிலம் உள்ள வினிகர் 400 மி.லி., தண்ணீர் 200 மி.லி., சர்க்கரை 165 கிராம், கல் உப்பு 1 டீஸ்பூன், 1 விரல் நீளப் பட்டை, கிராம்பு 5, பெரிய வெங்காயம் 1 அல்லது 2. மிளகு விருப்பம்போல. பட்டை, கிராம்பை முழுசாகவே போடுங்கள். பொடி போட்டால் ஊறல் நீர் கலங்கிவிடும். கிராம்பு நாளாக ஆக ஏறிக்கொண்டே போகும், 5க்கு மேல் வேண்டாம்.

வினிகர் வாங்கும்போது பாட்டிலில் சதவீதத்தைப் பாருங்கள். 4 சதவீதம் என்றிருந்தால் தண்ணீர் கலக்காமல் 600 மி.லி.யும் வினிகராகவே ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்துச் சாப்பிடும் முறைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வெளியே அலமாரியில் வைக்கும் பாட்டிலுக்கு 5 சதவீதம் கட்டாயம். வெள்ளை வினிகரில் நிறம் பளிச்சென்று நிற்கும். ஆப்பிள் சைடர் வினிகரில் ருசி மென்மையாகும், நிறம் கொஞ்சம் மங்கும்.

காய் 5 முதல் 6 செ.மீ. குறுக்களவு உள்ளதாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும். 7 செ.மீ.க்கு மேல் போன காயின் நடுவில் நார் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நார் இளகாது.

வேகவைக்கும் முன் தோலைச் சீவாதீர்கள், காயை வெட்டவும் வேண்டாம். தண்டில் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டு இலையை நறுக்குங்கள். அடியில் உள்ள வேர்வாலை அப்படியே விடுங்கள். பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரையும் சாயம், வெட்டுப்பட்ட இடமெல்லாம் அது வழிந்து ஓடும். தண்டு இடுக்கில் மண் ஒளிந்திருக்கும் என்பதால் பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள்.

காய் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கொதி வந்தபின் 25 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். மெல்லிய கத்தி முனை நடு வரை தடையில்லாமல் இறங்கி, வெளியே எடுக்கும்போது காயைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்தால் சரியான பதம். இந்தச் சோதனையை எல்லாக் காயிலும் செய்யுங்கள், ஏனென்றால் பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். “வினிகரில் ஊறும்போது மென்மையாகிவிடும்” என்று அரைவேக்காட்டில் எடுத்தால், அது மென்மையாகவே ஆகாது. காயைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பில் இறுகி நிற்கும். வினிகரில் விழும்போது எவ்வளவு கெட்டியோ, அதே கெட்டிதான் மாதக்கணக்கில் இருக்கும். குழைய விட்டாலும் வம்புதான், துண்டின் விளிம்பு கரைந்து ஊறல் நீரைச் சேறாக்கும்.

வெந்ததைக் குளிர்ந்த நீரில் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு கட்டை விரலாலும் தோலைத் தள்ளுங்கள். நன்றாக வெந்த காயின் தோல் பையைக் கழற்றுவதுபோல் வழுக்கி வந்துவிடும். எங்காவது ஒட்டிக்கொண்டால் அந்தக் காய்க்கு இன்னும் 5 நிமிடம் தேவை. தோலைக் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் எடுங்கள். பீட்ரூட்டின் மண்வாசனை தோலில்தான் அதிகம். பிறகு தண்டு, வால் இரண்டையும் நறுக்கி, அரை செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் வில்லையாக வெட்டுங்கள். வில்லை அதைவிடத் தடித்தால் புளிப்பு நடுவில் போய்ச் சேர நாளாகும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் வினிகர், தண்ணீர், சர்க்கரை, உப்பு, மசாலாவைச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். அலுமினியம், செம்பு, இரும்பு வேண்டாம். வினிகர் அவற்றை அரிக்கும், இரும்பு பட்டால் சிவப்பு பழுப்பாகும். கொதித்ததும் பீட்ரூட், வட்டமாக நறுக்கிய வெங்காயம் இரண்டையும் போட்டு, சிறு தீயில் 5 நிமிடம் வையுங்கள். இந்த 5 நிமிடத்தில் துண்டின் உள்ளேயும் சூடும் புளிப்பும் ஏறத் தொடங்கும். வெறும் துண்டை அடுக்கி மேலே ஊற்றுவதைவிட இதுவே நல்லது. இதற்கு மேல் கொதிக்கவிட்டால் நிறம் போகும்.

வெந்நீரில் கிடந்த சூடான கண்ணாடி பாட்டிலில் துண்டுகளை நிரப்பி, அவை மூழ்கும்படி ஊறல் நீரை ஊற்றுங்கள். மேலே ஒன்றேகால் செ.மீ. இடம் விடவேண்டும். மரக்குச்சியை ஓரமாக விட்டு நாலு பக்கமும் அசைத்தால் சிக்கியிருக்கும் காற்று வெளியேறும். மட்டம் இறங்கினால் மறுபடி ஊற்றுங்கள். 1 கிலோவுக்கு அரை லிட்டர் பாட்டில் இரண்டிலிருந்து மூன்று வரை ஆகும்.

ஃபிரிட்ஜில் வைப்பதானால் மூடி, ஆறியதும் உள்ளே வைத்து ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெளியே வைக்க, வீட்டுப் பதப்படுத்தலுக்கென்றே விற்கும் பாட்டிலும் புது மூடியும் வேண்டும். பாட்டில் வாயைத் துடைத்து, மூடியை விரல் நுனியால் மட்டும் இறுக்கி, அடியில் தட்டு போட்ட பெரிய பாத்திரத்தில் இறக்குங்கள். மூடிக்கு மேல் 3 செ.மீ. தண்ணீர் நிற்கவேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகே நேரத்தைக் கணக்கிடுங்கள்: கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம் வரை 30 நிமிடம், 900 வரை 35, 1,800 வரை 40, அதற்கு மேல் 45. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால்தான் இந்தக் கூடுதல் நேரம். எடுத்து, துணி மேல் ஒரு நாள் அசைக்காமல் வைத்து, மூடியின் நடுவை அழுத்துங்கள். அமுங்கி எழும்பினால் அந்த பாட்டில் ஃபிரிட்ஜுக்கு. எழும்பாதவை இருட்டான அலமாரியில் ஒரு வருடம் வரை நல்ல ருசியோடு இருக்கும். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும்.

சாப்பிட அவசரப்படாதீர்கள். முதல் சில நாள் வெளியே புளிப்பு, உள்ளே வெறும் பீட்ரூட் என்று தனித்தனியாக நிற்கும். இரண்டு வாரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஊறல் நீர் வெண்மையாகக் கலங்கினால் முதலில் உப்பைச் சந்தேகியுங்கள். தூள் உப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள் கரையாமல் மிதக்கும். அதனால் கெடுதல் இல்லை. கலங்கலோடு நுரை, குமிழி, மூடி உப்பல், கெட்ட வாடை இவற்றில் ஒன்று இருந்தாலும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். வெட்டும்போது வெள்ளை வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; சில ரகங்களுக்கு இயல்பே அது, வெயில் காலத்து விளைச்சலிலும் வரும்.

தீர்ந்த பாட்டிலில் மிஞ்சும் சிவப்பு நீரைச் சாலட்டில் ஊற்றிக்கொள்ளலாம். அதிலேயே அடுத்த பீட்ரூட்டைப் போட்டு வெளியே வைக்கக் கூடாது. காயின் ஈரம் சேர்ந்து புளிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். அவித்த முட்டையைப் போட்டு ஊறவைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 1997ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பீட்ரூட், மிளகாயோடு வினிகரில் போட்டிருந்த முட்டையைச் சாப்பிட்ட ஒருவருக்கு, முதலில் சொன்ன கிருமியின் நஞ்சால் வரும் பொட்டுலிசம் என்ற நோய் வந்தது. வினிகர் உள்ளே இறங்கட்டும் என்று முட்டையைப் பல்குச்சியால் குத்தி, பாட்டிலை அறைச் சூட்டிலேயே வைத்திருந்தார். நஞ்சு மிக அதிகமாக இருந்தது மஞ்சள் கருவில். எனவே முட்டையைக் குத்தாமல் முழுசாகப் போட்டு, முதல் மணி நேரத்திலிருந்தே ஃபிரிட்ஜில் வையுங்கள்.